விதைப்பானையில் வைத்த குரல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. சுவரில் சாய வேண்டாம், குளிர் ஏறும். என் போர்வையில் ஓர் ஓரம் மிச்சம் இருக்கிறது, அதை இழுத்து மேலே போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். அதில் ஒரு பெண் வருவாள், ஒரு பானை வரும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி வரும். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவில் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் விட்ட பேச்சுதான் இந்தக் கதையே.

மலைமேல் வாசலூர்பட்டி ஏரியில் படகு விடுகிற இடத்தைத் தாண்டி, மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிற மேட்டில் ஓர் ஓட்டு வீடு. அதில் இரண்டு பேர். ஒருத்தி பானுமதி, இன்னொருத்தி அவள் நங்கை என்று கூப்பிடுகிற, புருஷனின் அக்கா பொன்னாயி. புருஷன் அர்த்தனாரி செத்து ஏழு வருஷம் ஆகப்போகிறது.

மாசி மாதத்து மத்தியானம். பொன்னாயி வாசலில் மிளகு உருவிக்கொண்டிருந்தாள். பானுமதி அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே பரணில் ஒரு சத்தம் கேட்டது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். டொக். டொக். எலி இப்படித் தட்டாது. எலிக்கு எப்போதும் அவசரம். ஓட்டில் காய் விழுந்தால் உருண்டு கீழே வரும். இது உருளவும் இல்லை, ஓடவும் இல்லை. யாரோ மண்பானையின் உள்ளே உட்கார்ந்துகொண்டு விரல் மூட்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் காத்திருந்து, வராததால் மறுபடியும் தட்டுவதுபோல் இருந்தது.

பரணில் இருந்தது ஒரே ஒரு பானை. சாமையில் சாம்பலைப் புரட்டி, நொச்சித்தழை போட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி மூடிய விதைப்பானை. விதை கெடாத இடத்தில் வேறு எது கெடப்போகிறது? அந்த நம்பிக்கையில்தான் பானுமதி ஒரு ஹார்டு டிஸ்கை அர்த்தனாரியின் துண்டில் சுற்றி அந்தச் சாமைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

அந்த டிஸ்கில் இருந்தது பதினோரு நிமிஷம்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய மாசியில், அந்த மாதத்தில் வரக்கூடாத மழை ஒன்று சாயங்காலம் இறங்கியது. அர்த்தனாரி அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஜீப்பில் மலை ஏறி வந்துகொண்டிருந்தான். வீட்டில் போன் அடித்தது. "பானு, நான் சொல்றதக் கேளு" என்றான். வாசலில் பாய் நிறைய மிளகு காய்ந்துகொண்டிருந்தது. முதல் சொட்டு விழுந்துவிட்டது. "இருங்க, அப்புறம் பேசறேன்" என்று போனை அணைக்காமலே மாடத்தில் வைத்துவிட்டு அவள் ஓடினாள். மிளகை வாரிக் கட்டி உள்ளே சேர்த்துவிட்டு வந்து எடுத்தபோது அழைப்பு முடிந்திருந்தது. பதினோரு நிமிஷம் ஓடியிருந்தது. மறுநாள் விடிந்த பிறகு ஜீப்பைக் கண்டுபிடித்தார்கள். மலைப்பாதையின் முப்பத்தேழாவது வளைவில், ஓரமாக, ஒரு கீறல் இல்லாமல், ஒழுங்காக நிறுத்தியிருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு மட்டும் திறந்திருந்தது. அர்த்தனாரி கீழே பள்ளத்தில் கிடந்தான். எதற்கு நிறுத்தினான், எதற்கு இறங்கினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

பானுமதியின் போன் எல்லாப் பேச்சையும் தானாகவே பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதினோரு நிமிஷமும் அதில் இருந்தது. கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. உதவி கேட்டிருப்பானோ? மாடத்தைப் பார்த்து, யாரும் இல்லாத மாடத்தைப் பார்த்து, கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பானோ? அவளுடைய தம்பி இளங்கோதான் திருப்பூர் வேலைக்குக் கிளம்பும் முன் அதை டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தான். "இதுல போட்டாச்சுக்கா, இனி நூறு வருசத்துக்குக் கெடாது. மனசு வரும்போது கேளு" என்றான். அடுத்த வருஷம் போன் பேட்டரி உப்பிச் செத்தது. மனசு வரவே இல்லை. பரணில் அது இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

போன வாரம் வரைக்கும். போன வாரம் ஒரு விடியற்காலையில், "பானு" என்று அவன் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று படுத்தபடியே நினைத்துப் பார்த்தாள். நினைவுக்குள் கூப்பிட்டது அவளுடைய குரல். எத்தனை முறை முயன்றும் அவளுடைய குரலேதான்.

ஏணி வைத்து ஏறிப் பானையை இறக்கினாள். கையில் எடுத்ததும் சத்தம் நின்றது. சாண மூடியைப் பெயர்த்தபோது சாமையின் வாசனையும் நொச்சியின் வாசனையும் வரவில்லை. மழை நனைத்த தாரின் வாசனையும், டீசலும், ஈரத் துண்டைச் சுருட்டிப் போட்ட நெடியும் அடுப்படிப் புகைக்கு மேலே எழுந்து நின்றன.

சத்தம் கேட்டுப் பொன்னாயி உள்ளே வந்தாள். "ஏம்புள்ள, வெதப்பானையத் தொறந்துட்டயா? தொறந்தா மறுக்கா மூடக்கூடாதுன்னு தெரியுமல்லோ? ஒண்ணு வெதைக்கோணும். இல்லீனா அமாவாசைக்குள்ள தின்னு தீர்க்கோணும்."

"ஏழு வருசத்துச் சாமை மொளைக்காதுங்க நங்கை."

"அப்பத் தின்னு தீர்த்தரலாம். பல்லு போனவளுக்குச் சாமைச்சோறு தோதுதான்."

மறுநாள் பானுமதி டிஸ்கை முந்தானையில் முடிந்துகொண்டு காலை பஸ்ஸில் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினாள். முப்பத்தேழாவது வளைவில் எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர் சரி செய்யும் கடை சுபாஷினுடையது. சின்ன வயசுக்காரன், வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவான்.

"எத்தனை வருசமா ஓட்டாம வச்சிருந்தீங்க?"

"ஏழு."

ஸ்க்ரூவைத் துப்பினான். "ஓட்டினாலும் தேயும், ஓட்டாம வச்சாலும் போவுமுங்க்கா. அஞ்சு வருசம் தாண்டினா இதுகளை நம்பவே கூடாது. வருசத்துக்கொருக்கா ஓட்டிப் பாக்கோணும். ரெண்டு மூணு காப்பி போட்டு வைக்கோணும். பழசானா புதுசுக்கு மாத்திக்கிட்டே இருக்கோணும்."

"வெதை மாதிரி" என்றாள் பானுமதி.

"என்னங்க?"

"வெதையும் அப்படித்தான். போட்டுப் போட்டு எடுத்தாத்தான் உசுரு நிக்கும். சும்மா வச்சாச் செத்துரும்."

"அப்பத் தெரிஞ்சுக்கிட்டேதான் வச்சீங்களாக்கும்" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான்.

பானைக்குள் கேட்ட சத்தத்தைச் சொன்னாள். கரண்ட் இல்லாமல் டிஸ்க் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டபடி, அலமாரியிலிருந்து வேறு யாருடையதோ கெட்டுப்போன டிஸ்க் ஒன்றை எடுத்து மாட்டிக் காட்டினான். டொக். டொக். பானையில் பானுமதி கேட்டதும் இதே சத்தம்தான்.

"உள்ள படிக்கற முள்ளு ஒண்ணு இருக்குதுங்க. வேண்டிய எடத்தைத் தேடிப் போவும். கெடைக்காது. திரும்பி வந்து முட்டும். மறுக்கா தேடிப் போவும். சாவற வரைக்கும் அதுக்கு அதே வேலை."

பிறகு அவளுடையதை மாட்டினான். அது சத்தமே போடவில்லை. வழுக்கிக்கொண்டு சுற்றியது. சுபாஷ் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குதுங்க்கா. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. முதல்லருந்து கடைசி வரைக்கும் பூஜ்யம். அழிச்சிருந்தாக்கூடத் தடம் தெரியும். இதுல தடமே இல்ல."

"அப்ப எங்க போச்சு?"

"எங்கயும் போவாதுங்க. வருசம் ஆவ ஆவக் காந்தம் கொஞ்சங்கொஞ்சமா எறங்கியிருக்கும்."

"எறங்கி எங்க போவும்?"

சுபாஷ் டிஸ்கைக் கழற்றித் திருப்பினான். முதுகில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அது மூச்சு விடுகிற ஓட்டை, இதை அடைக்கக்கூடாது என்றான். அந்த ஓட்டையில் ஒரே ஒரு சாமை மணி, அளவெடுத்துச் செய்ததுபோல் பதிந்திருந்தது.

"இனி இதுல எதையும் ஏத்தாதீங்க்கா. எதுக்கும் போன பதிவை மீட்டுத் தர்றவங்ககிட்டச் சென்னையில கேட்டுப் பாப்போம். புதுசா ஒண்ணை எழுதினா முன்ன இருந்தது போயிரும்" என்றான் கடைசியாக.

திரும்பி வரும்போது மேட்டில் மூட்டம் இறங்கியிருந்தது. மாசியில் அப்படி இறங்காது. வீட்டுக்குள் நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். டிஸ்க் அவள் முந்தானையில் இருந்தது. சத்தம் அடுப்போரம் இருந்த பானையிலிருந்து வந்தது. டொக். டொக். பக்கத்தில் பொன்னாயி உட்கார்ந்து, கிண்ணத்தில் இருந்த சாமைச்சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ருசி ஒரு மாதிரியா இருக்குது புள்ள. மழத்தண்ணியில வடிச்ச மாதிரி."

மறுநாள் மத்தியானம் அது நடந்தது. பொன்னாயி முறத்தை மடியில் வைத்தபடி சுவரோரம் உட்கார்ந்து கண் அயர்ந்திருந்தாள். வெளியே ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அவளுடைய தொண்டைக்குள் ஏதோ தட்டியது. டொக். தாடை தானாகக் கீழே இறங்கியது. உதடு அசையவில்லை.

"பானு, நான் சொல்றதக் கேளு."

அவன் குரல். மூக்கில் லேசாக இடிக்கிற, 'பா'வைக் கொஞ்சம் இழுக்கிற, புகையிலைக் கரகரப்புள்ள அவனுடைய குரல். பின்னால் ஜீப் எஞ்சின் முனகியது. பானுமதி கத்தவில்லை. கத்தினால் அது நின்றுவிடுமே. முழங்காலில் தவழ்ந்து போய்ப் பொன்னாயியின் வாய்க்கு அருகே காதை வைத்தாள். ஈரக்காற்று வந்தது. டொக். டொக். மறுபடியும், "பானு, நான் சொல்றதக் கேளு." அவ்வளவுதான். மறுபடியும் அதே. பொழுது சாயும் வரைக்கும் அதே.

விழித்ததும் பொன்னாயிக்கு எதுவும் தெரியவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். சாயங்காலம் பொன்னாயியின் ஒரே மகன் முரளி சேலத்திலிருந்து போன் செய்தான். போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு பானுமதியிடம் நீட்டினாள்.

"யாரோ முரளியாம். என்னைய அம்மாங்கறான். யாரு புள்ள அது?"

புதுசா ஒண்ணை எழுதினா முன்ன இருந்தது போயிரும். சுபாஷ் சொன்னது அப்போதுதான் பானுமதிக்குப் புரிந்தது. டிஸ்கிலிருந்து சாமைக்குள் இறங்கிய குரல் இப்போது தின்றவளுக்குள் எழுதிக்கொள்கிறது. ஒரு கிண்ணம் சாமை, ஒரு வரிப் பேச்சு, ஒரு மகன். பானையில் இன்னும் முக்கால் பாகம் இருந்தது. கண்ணுகளா, அந்த இடத்தில் அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் கொட்டியிருக்க வேண்டும். அவளுக்கும் தெரியும். பானையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது. அவன் என்ன சொன்னான்? அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

அமாவாசை அன்றுதான் அவனுடைய திதியும். ஊரைக் கூப்பிட்டாள்.

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். வாசலில் இரண்டு பந்தியாக இலை போட்டாள். சாமைச்சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. நல்ல வெயில்.

"அர்த்தனாரி உசுரோட இருந்தப்ப ஒரு டீ வாங்கித் தந்ததில்ல. செத்து ஏழு வருசம் கழிச்சுச் சோறு போடறான் பாரு" என்றார் கருப்பண்ணன்.

"உனக்கெல்லாம் சோறு போடறதே பெருசு. பேசாமத் தின்னு" என்றாள் ராக்கம்மாள். பந்தி முழுக்கச் சிரித்தது.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று பானுமதி ஒவ்வொரு இலையாகப் போனாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராசப்பன் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்திருந்தார். குழந்தையின் வாயில் ஒரு பருக்கையை அவர் வைக்கப் போனபோது மட்டும் அவள் கை நீண்டு தட்டிவிட்டது. "சின்னதுக்கு ஆவாதுங்க" என்றாள். அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

சாப்பிட்டவர்கள் எழவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராகக் கண் அயர்ந்தார்கள். எச்சில் இலையில் ஈ உட்காரவில்லை. குழந்தை ஒன்றுதான் விழித்திருந்தது, அதுவும் அழவில்லை. முதல் தட்டு பொன்னாயியின் தொண்டையில்.

டொக்.

"பானு, நான் சொல்றதக் கேளு."

அடுத்தது ராசப்பன். தாடை இறங்கியது. வைப்பர் தேய்கிற சத்தம். "லைன்ல இருக்கயா? சரி, கேட்டுக்கிட்டே இரு."

அடுத்தது ராக்கம்மாள். "வளைவுல ஒரு பொம்பளை நிக்கறா. இந்த மழையில நனையாம நிக்கறா."

பானுமதி பந்திக்கு நடுவில் ஓடினாள். வாய்க்கு வாய். காதை வைத்து. வைத்து.

கருப்பண்ணன். "பானு, அது நீதான்."

"உன்ற சீலைதான். இடுப்புல வெதப்பானை வச்சிருக்கே."

"போனுல நீ. ரோட்டுல நீ. எது நீ? ஒரு வார்த்தை பேசு புள்ள."

"ஏன் சிரிக்கறே?"

"கண்ணாடியத் தட்டறே."

டொக்.

டொக்.

அந்தச் சத்தம். விரல் மூட்டு. தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற சத்தம்.

"கதவைத் தெறக்கச் சொல்றே. தெறக்கட்டுமா?"

அடுத்த வாய். "பானு, தெறக்கட்டுமா?"

அடுத்த வாய். "சொல்லு பானு. தெறக்கட்டுமா?"

அடுத்தது. அடுத்தது. ஒரு பந்தி முழுக்க அதே கேள்வி. அவள் மிளகு வாரிக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிஷமும் அவன் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். "தெறக்காதீங்க" என்று பானுமதி கத்தினாள். கருப்பண்ணனின் தோளை உலுக்கினாள். ராக்கம்மாளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த வாய்க்குள் கத்தினாள். "தெறக்காதீங்க. அது நானில்லீங்க. தெறக்காதீங்க."

ஏழு வருஷம் தாமதம்.

பேச்சு நின்றது. எல்லாத் தொண்டையும் தட்டத் தொடங்கியது. டொக். டொக். டொக். தேடியது. கிடைக்கவில்லை. திரும்பி வந்து முட்டியது. கடைசித் துண்டு யாரிடமும் இல்லை.

பானுமதி சோறு வடித்த குண்டானைப் பார்த்தாள். அடியில் ஒரு கவளம் ஒட்டியிருந்தது.

அவன் முடிவில் என்ன சொன்னான்? தன் பெயரையாவது சொன்னானா? வழித்தாள். வாயில் போட்டாள். மழைத்தண்ணீரின் ருசி. விழுங்கினாள்.

மூடிய கண்களோடு முப்பது முகமும் அவள் பக்கம் திரும்பின.

அவளுடைய தொண்டையில், டொக்.

தாடை இறங்கியது. பிடிக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

அவன் குரல் வரவில்லை.

"நான்தானுங்க."

அவளுடைய குரல். ஏழு வருஷத்துக்கு முந்தைய, இளசான, சிரிப்பு கலந்த குரல். அன்றைக்கு அவள் பேசாத பேச்சு, அவன் காதில் விழுந்துவிட்ட பதில்.

"தெறங்க."

முப்பது வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஜீப் கதவின் இரும்பு கிறீச்சென்றது. திறந்தது. திறந்த வாய் ஒன்றுகூட மூடவில்லை. பானுமதியினுடையதும் மூடவில்லை. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை வாய்க்குள்ளும் மழை பெய்துகொண்டிருந்தது.

கையை விடுங்கள் கண்ணுகளா, முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பானையில் இருப்பது தானியமாகவே இருக்கட்டும். கூப்பிடுகிறவர் குரல் கூப்பிடுகிற வாயிலேயே இருக்கட்டும். மலை ஏறி வருகிற உங்கள் ஆட்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேரட்டும். அவர்கள் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து பதில் சொல்ல நீங்கள் இருக்கட்டும், நீங்கள் மட்டுமே இருக்கட்டும்.